ஓடைக்கு இருபுறமும் ஓர் ஊர்

(ஒரு பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஜெர்மனியைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். பெர்லினைப் பற்றியோ, ஹிட்லரைப் பற்றியோ, கார் தொழிற்சாலைகளைப் பற்றியோ பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு குக்கிராமம். பெயர் மோட்லராய்ட். மொத்த ஜனத்தொகை ஏறக்குறைய ஐம்பது. நம் கல்யாண வீட்டில் ஒரு பந்திக்குக்கூடக் காணாது. அந்த ஐம்பது பேரும் இரண்டு மாநிலங்களில் இருக்கிறார்கள்.

ஜெர்மனியின் தென்கிழக்கில் பவேரியா மாநிலம். அதன் வடகிழக்கு மூலையில் ஹோஃப் என்ற நடுத்தர நகரம். அங்கிருந்து வடக்கே வண்டியில் கால் மணி, இருபது நிமிஷம் போனால் இந்த ஊர் வந்துவிடும். மேடும் பள்ளமுமான வயல்வெளி, இடையிடையே பைன் மரக்காடு, குளிர் அதிகம். ஊரின் நடுவே டான்பாக் என்று ஓர் ஓடை. ஆறு என்று சொல்ல முடியாது. பல இடங்களில் ஒரு சிறுவன் ஓடி வந்து தாண்டிவிடலாம். ஓடைக்கு மேற்கே உள்ள வீடுகள் பவேரியா மாநிலத்தில், டோப்பன் என்ற ஊராட்சியைச் சேர்ந்தவை. கிழக்கே உள்ளவை துரிங்கியா மாநிலத்தில், கெஃபெல் என்ற சிறுநகரத்தைச் சேர்ந்தவை. மோட்லராய்டுக்கென்று தனி ஊராட்சி மன்றமோ தனித் தலைவரோ கிடையாது. இரண்டு பெரிய ஊர்களுக்கு அது ஆளுக்குப் பாதியாக வாலில் ஒட்டிய பகுதி.

இந்த ஊரை உலகம் அறிந்திருப்பது 'சிறிய பெர்லின்' என்ற பெயரில். அமெரிக்கப் படைவீரர்கள் வைத்த பட்டப்பெயர் அது. பெர்லினைப் போலவே இங்கேயும் ஊரின் குறுக்கே கான்கிரீட் சுவர் நின்றது என்பதால் அப்படிச் சொன்னார்கள். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. சுவரில் தொடங்கிச் சுவரில் முடிகிற கதையாக இந்த ஊரின் கதையை அது சுருக்கிவிடுகிறது. சுவர் நின்றது இருபத்து மூன்று ஆண்டுகள். அதற்கு முன்னால் நின்ற வேலியையும் சேர்த்துக்கொண்டால் முப்பத்தேழு. எல்லையோ இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே இருக்கிறது, இன்றும் இருக்கிறது. ஒரே கோடு எப்போது ஆளைக் கொல்லக்கூடியதாக மாறுகிறது, எப்போது யாருக்கும் நினைவில்கூட இல்லாமல் கிடக்கிறது என்பதுதான் நான் பேச வந்த விஷயம். பெர்லின் அதற்குச் சரியான உதாரணம் அல்ல.

எல்லை எப்படி வந்தது என்று பார்ப்போம். பழைய ஜெர்மனி ஒரு நாடே அல்ல; முந்நூறுக்கும் மேற்பட்ட அரசுகளின் கூட்டம். சில அரசுகளை ஒரே நாளில் நடந்தே கடந்துவிடலாம். ஹோஃப் வட்டாரம் நெடுங்காலம் பைராய்ட் சிற்றரசர்களிடம் இருந்தது. அவர்கள் லூதரின் சீர்திருத்தச் சமயத்தைத் தழுவியவர்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அந்த வட்டாரம் அவர்களிடமிருந்து பிரஷ்யாவிடம் போனது; 1806-இல் நெப்போலியன் கைக்கு வந்தது; 1810-இல் அவர் அதைப் பவேரிய அரசருக்குக் கொடுத்தார். ஓடையின் கிழக்குக் கரை ராய்ஸ் என்ற வம்சத்தின் சிற்றரசைச் சேர்ந்தது. புதிதாக நிலம் பெற்ற பவேரியா, தன் எல்லை எது என்று உறுதி செய்துகொள்ள விரும்பியது. 1810-இல் எல்லைக்கற்கள் நட்டார்கள். கல்லின் ஒரு முகத்தில் பவேரிய முடியரசின் முதலெழுத்துகள், மறுமுகத்தில் ராய்ஸ் சிற்றரசின் முதலெழுத்துகள். இந்த ஊரின் தலையெழுத்து அந்தக் கற்களில்தான் எழுதப்பட்டது. எழுதியவர்களுக்கு அது தெரியாது.

ராய்ஸ் வம்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனமில்லை. அந்த வம்சத்தில் பிறந்த ஆண்கள் எல்லோருக்கும் பெயர் ஹைன்ரிஷ். ஒருவருக்கும் விலக்கில்லை. அடையாளம் தெரிய வேண்டுமே என்று எண் போடுவார்கள். அரசாண்டவருக்கு மட்டுமல்ல, பிறந்த ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் எண். ஒரு கிளையினர் நூறு வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். இன்னொரு கிளையினர் நூற்றாண்டு பிறந்தால் புது வரிசை. ஆகவே வரலாற்றில் 'எழுபத்திரண்டாம் ஹைன்ரிஷ்' என்றெல்லாம் ஒருவரைப் படிக்கும்போது அச்சுப்பிழை என்று எண்ணிவிடாதீர்கள். முடி 1918-இல் போய்விட்டது, பெயர் போகவில்லை. ஜெர்மன் அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாக 2022 டிசம்பரில் ஒரு கூட்டத்தைக் கைது செய்தார்களே, அதில் முதன்மையாகக் குற்றம் சாட்டப்பட்டவரும் இந்த வம்சத்து ஹைன்ரிஷ்தான்; எண் பதின்மூன்று.

அந்தக் காலத்து எல்லைக்குழப்பம் இன்னும் வேடிக்கையானது. இன்றைக்குக் கிழக்கு மோட்லராய்ட் சேர்ந்திருக்கிற கெஃபெல் நகரம், சுற்றிலும் ராய்ஸ் நிலம் இருக்க, நடுவில் தீவு மாதிரி பிரஷ்யாவுக்குச் சொந்தமாக இருந்தது. 1944 வரைக்கும் அப்படி. ஆக இந்த வட்டாரத்துக் குடியானவன் காலையில் புறப்பட்டு மத்தியானத்துக்குள் மூன்று அரசுகளில் கால் வைத்திருப்பான். அதற்காக அவன் சிரமப்பட்டதாகவோ பெருமைப்பட்டதாகவோ தெரியவில்லை.

ஓர் ஊர் இரண்டு அரசுகளில் இருந்தால் வாழ்க்கை எப்படி நடக்கும்? சாதாரணமாகத்தான் நடந்தது. பள்ளிக்கூடம் ராய்ஸ் பக்கம். பீர் விடுதியும் ராய்ஸ் பக்கம். தேவாலயம் பவேரியப் பக்கம், டோப்பனில். எனவே பவேரியப் பிள்ளைகள் படிக்க ஓடையைத் தாண்டிக் கிழக்கே போனார்கள். அவர்களுடைய அப்பாக்கள் மாலையில் குடிக்க அதே பக்கம் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை ராய்ஸ்காரர்கள் பிரார்த்தனைக்கு மேற்கே வந்தார்கள். வரியை அவரவர் அரசுக்குக் கட்டினார்கள். பெண் கொடுத்து எடுத்தார்கள். நிலத்தை அக்கரையில் வைத்துக்கொண்டு இக்கரையில் குடியிருந்தார்கள். 1871-இல் ஜெர்மன் பேரரசு உருவானபோது ராய்ஸும் பவேரியாவும் அதில் சேர்ந்தன. ஊரில் எதுவும் மாறவில்லை. 1918-இல் அரசர்கள் போனார்கள். 1920-இல் ராய்ஸ் உள்ளிட்ட ஏழு குட்டி அரசுகள் இணைந்து துரிங்கியா மாநிலம் ஆயின. அப்போதும் ஓடை ஓடையாகத்தான் இருந்தது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படி.

பிறகு லண்டனில் ஓர் அறையில் சில பேர் வரைபடத்தை விரித்தார்கள். போர் முடியும் முன்பே, 1944 செப்டம்பர் 12 அன்று, தோற்கப்போகும் ஜெர்மனியை எப்படிப் பங்கிடுவது என்று அமெரிக்காவும் பிரிட்டனும் சோவியத் ஒன்றியமும் அங்கே ஓர் உடன்படிக்கை செய்தன. புதிதாகக் கோடு போட யாருக்கும் பொறுமை இல்லை. இருக்கிற மாநில எல்லைகளையே எடுத்துக்கொண்டார்கள். துரிங்கியா சோவியத் பங்கு, பவேரியா அமெரிக்கப் பங்கு. நடைமுறைக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாநில எல்லை என்பது 1810-இல் நட்ட கல். அந்தக் கல் ஒரு ஊரின் நடுவில் நிற்கிறது என்பதை லண்டனில் யாரும் பார்த்திருக்க வாய்ப்பில்லை. 1945 ஏப்ரலில் துரிங்கியாவைப் பிடித்தது அமெரிக்கப் படைதான். உடன்படிக்கைப்படி ஜூலைத் தொடக்கத்தில் அவர்கள் விலகிக்கொள்ள, சோவியத் படை உள்ளே வந்தது. 1949-இல் இரண்டு ஜெர்மனிகள் பிறந்தன. பள்ளிக்கூடமும் பீர் விடுதியும் வேறு நாட்டுக்குப் போய்விட்டன.

அப்போதும்கூட ஊர்க்காரர்கள் அனுமதிச்சீட்டு வைத்துக்கொண்டு போக்குவரத்தாக இருந்தார்கள். அதை வெட்டியது 1952. அந்த ஆண்டு மே 26 அன்று கிழக்கு ஜெர்மன் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. எல்லைக்கோட்டை ஒட்டிப் பத்து மீட்டர் அகலத்துக்கு உழுது வெறுமையாக விட்ட மண். அதில் கால் பட்டால் தடம் தெரியும். அதற்குப் பின்னால் ஐந்நூறு மீட்டர் பாதுகாப்புப் பட்டை. அதற்கும் பின்னால் ஐந்து கிலோமீட்டர் தடைப் பகுதி. உள்ளே குடியிருப்பவருக்கே தனிச்சீட்டு வேண்டும்; வெளியூர் உறவினர் வர வேண்டுமானால் முன்கூட்டியே மனுப் போட வேண்டும். ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் நீளத்துக்கு இதே ஏற்பாடு. திறந்த வெளியில் இந்த அளவுகளுக்கு இடம் இருந்தது. மோட்லராய்டில் எல்லையே வீட்டு வாசலில் இருந்தது. அங்கே ஆளுயரத்துக்கு மேலான பலகை வேலி வந்தது. எதிர்வீட்டைப் பார்க்கக்கூட முடியாதபடி அடைத்தார்கள்.

அந்த ஜூன் மாதம் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லையோரம் வசிப்பவர்களில் 'நம்பத்தகாதவர்கள்' என்று ஒரு பட்டியல் தயாரித்து, இரவோடிரவாக லாரிகளில் ஏற்றி உள்நாட்டுக்கு அனுப்பினார்கள். யார் நம்பத்தகாதவர்? மேற்கே உறவு உள்ளவர், வாய்த்துடுக்கானவர், கட்சிக்காரரோடு வரப்புச் சண்டை போட்டவர் எல்லோரும்தான். இந்த நடவடிக்கைக்கு ஆவணங்களில் அதிகாரிகள் வைத்த பெயர் 'தொல்லைப் பூச்சிகள்' என்ற பொருள்படும் சொல். தங்கள் குடிமக்களைப் பூச்சிகள் என்று எழுதிவைத்த அரசு அது. இதைச் சொல்லும்போது எனக்கு நடுநிலை வரவில்லை. வர வேண்டும் என்றும் நினைக்கவில்லை. 1961-இல் இன்னொரு அலை. இரண்டிலுமாகப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடு இழந்தார்கள். மோட்லராய்டில் ஓடைத் தண்ணீரால் சுற்றும் மாவு ஆலை ஒன்று இருந்தது. ஆலைக்காரர் தன்னை ஏற்றிப்போக வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஓடையைத் தாண்டி மேற்கே போய்விட்டார். ஆலையை இடித்துத் தள்ளினார்கள். கட்டடம் இருந்தால் மறைந்து நிற்க இடமாகுமே.

அதே 1952-இல் துரிங்கியா என்ற மாநிலத்தையே கிழக்கு ஜெர்மனி கலைத்துவிட்டது. நாட்டை மாவட்டங்களாகப் பிரித்து, இந்த ஊரை கேரா மாவட்டத்தில் போட்டார்கள். விசித்திரம் என்னவென்றால், துரிங்கியா இல்லாமல் போன பிறகுதான் துரிங்கிய எல்லை உலகிலேயே கடுமையாகக் காக்கப்பட்ட எல்லைகளில் ஒன்றானது. 1990-இல்தான் மாநிலம் திரும்ப வந்தது.

பலகை வேலி முள்கம்பியானது. பெர்லினில் சுவர் எழுந்து ஐந்து ஆண்டு கழித்து, 1966-இல், இங்கே கான்கிரீட் சுவர் கட்டினார்கள். நீளம் 700 மீட்டர், உயரம் 3.3 மீட்டர். காவல் கோபுரம், இரவெல்லாம் எரியும் விளக்குகள். கிழக்குக் கரைக்காரர் சுவருக்கு அப்பால் இருப்பவரைப் பார்த்துக் கையசைக்கக் கூடாது. வணக்கம் சொல்லக் கூடாது. அக்கரையிலிருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது. ஓடைக்கு அந்தப் பக்கம் தம்பி சாவு வீட்டில் மணி அடிப்பது காதில் விழும்; போக முடியாது. எழுபதுகளில் இரண்டு ஜெர்மனிகளும் ஒப்பந்தம் செய்துகொண்டு, எல்லையோர மேற்கத்தியர்கள் கிழக்கே போய்வரலாம் என்று சலுகை வந்தது. அதுவும் மோட்லராய்டுக்கு உதவவில்லை, ஏனென்றால் அதன் கிழக்குப் பாதி தடைப் பகுதிக்குள் இருந்தது. ஐம்பது அடிக்கு அப்பால் இருக்கும் அண்ணனைச் சந்திக்க வேண்டுமானால், நெடுஞ்சாலைச் சோதனைச் சாவடி வரை சுற்றிப்போய், தடைப் பகுதிக்கு வெளியே ஏதாவது ஓர் ஊரில் காத்திருக்க வேண்டும். அண்ணனும் அங்கே வந்து சேர வேண்டும்.

மேற்குப் பக்கம் வேறு விதமான சங்கடம். அங்கே கூட்டம் வந்தது. பள்ளிச் சுற்றுலா, பேருந்துகள், புகைப்படக்காரர்கள், அரசியல்வாதிகள். சுவரைப் பார்ப்பதற்கென்றே வந்தார்கள். பார்த்துவிட்டுக் கிழக்கே கையசைத்தார்கள். பதில் வராதது கண்டு உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். 1983 பிப்ரவரியில் அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஜார்ஜ் புஷ் வந்தார். ஐரோப்பாவில் அமெரிக்க ஏவுகணைகளை நிறுத்துவதற்கு ஆதரவு திரட்டுகிற பயணம் அது. அவருக்குச் சுவர் ஒரு நல்ல வாதமாக அமைந்தது. மேற்குக் கரைக் குடியானவர்களுக்கோ, மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் உலகப்போர் காத்திருக்கிற மாதிரி ஒரு வாழ்க்கை. சுவருக்கும் உண்மையான எல்லைக்கும் இடையே சில அடி நிலம் கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்தது என்பதையும் அவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பந்து உருண்டு ஓடைக்கு அந்தப் பக்கம் போனால் பையன் ஓடிப்போய் எடுக்கக் கூடாது.

இத்தனை காவலையும் மீறி ஒருவர் இங்கே சுவரைத் தாண்டினார். 1973 மே மாதம். தடைப் பகுதிக்குள் வண்டி ஓட்டும் அனுமதி உள்ளவர். வண்டியைச் சுவரோரம் கொண்டுவந்து, ஏணி வைத்து ஏறி அந்தப் பக்கம் குதித்தார். மோட்லராய்டின் சுவரை வென்றவர் என்று அவர் ஒருவரைத்தான் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் நம்மோடு தொடர்புள்ள ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான தமிழர்கள் மேற்கு ஜெர்மனியில் புகலிடம் தேடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் வந்த வழி கிழக்கு ஜெர்மனி. கிழக்கு பெர்லினை ஒட்டிய ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, வழிப்பயண அனுமதியோடு ரயில் ஏறி மேற்கு பெர்லின் போய்ச் சேர்ந்தார்கள். கிழக்கு அரசு தடுக்கவில்லை. பயணக் கட்டணம் கிடைத்தது, எதிரிக்குத் தலைவலியும் கொடுக்க முடிந்தது. மேற்கு அரசாலும் தடுக்க முடியவில்லை. பெர்லினுக்கு நடுவே செல்லும் கோட்டைச் சர்வதேச எல்லை என்று அது ஏற்காததால் அங்கே கடவுச்சீட்டுச் சோதனை வைக்கவில்லை. 1985-இல் மேற்கு ஜெர்மனியின் நெருக்குதலுக்குப் பிறகு, விசா இல்லாத தமிழர்களை ஏற்றிவருவதை நிறுத்தக் கிழக்கு ஜெர்மனி ஒப்புக்கொண்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் ஒரு ரயில் சீட்டோடு கடந்த எல்லையை, மோட்லராய்டின் கிழக்குக் கரை இளைஞனால் தன் அக்காவைப் பார்க்கக் கடக்க முடியவில்லை. எல்லை யாருக்காகக் கட்டப்பட்டது என்பது இதைவிடத் தெளிவாகத் தெரிய வழியில்லை. அது அந்நியனைத் தடுக்கக் கட்டியதல்ல, சொந்தக் குடிமக்களைப் பூட்டி வைக்கக் கட்டியது.

1989 இலையுதிர் காலத்துக்கு வருவோம். பிராகில் மேற்கு ஜெர்மன் தூதரகத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்த கிழக்கு ஜெர்மானியர்களை ஏற்றிய ரயில்கள் அக்டோபர் 1 அன்று ஹோஃப் நிலையத்துக்கு வந்தன. பழைய துணி, பால், வாழைப்பழம் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊர் மக்கள் நடைமேடைக்கு ஓடினார்கள். நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறந்தது. தொலைக்காட்சியில் உலகமே அதைப் பார்த்தது. மோட்லராய்டுக்காரர்களும் தொலைக்காட்சியில்தான் பார்த்தார்கள். அவர்களுடைய சுவர் திறக்கவில்லை! ஒரு மாதம் காத்திருந்து, கூட்டம் கூடிக் கோரிக்கை வைத்த பிறகு, டிசம்பர் 9 அன்று சுவரில் ஒரு வழி உண்டாக்கி, நடந்துபோகிறவர்களுக்கு மட்டும் கடவை திறந்தார்கள். முப்பத்தேழு ஆண்டுக்குப் பிறகு எதிர்வீட்டுக்காரர்கள் கைகொடுத்துக்கொண்டார்கள். 'சிறிய பெர்லின்' என்ற பெயருக்கு நான் சொல்லும் இரண்டாவது ஆட்சேபம் இதுதான். பெர்லினுக்குக் கேமராக்கள் இருந்தன. ஐம்பது பேர் ஊருக்கு அவசரம் காட்ட யாரும் இல்லை.

அதே டிசம்பர் 9, அதே வட்டாரத்தில், ஹோஃப் நகரில் இன்னொரு கூட்டம் நடந்தது. இரு ஜெர்மனிகளின் இயற்கை ஆர்வலர்கள் ஏறக்குறைய நானூறு பேர் சேர்ந்த கூட்டம். கை ஃப்ரோபல் என்ற பவேரியர், எல்லைப் பட்டையில் மனித நடமாட்டம் இல்லாததால் அருகிவந்த பறவைகள் அங்கே கூடு கட்டி வாழ்வதை இளவயதிலிருந்தே குறித்துவைத்தவர். சுவர் போகட்டும், அந்த நிலப்பட்டையை மட்டும் உழாமல் விட்டுவிடுவோம் என்று அந்தக் கூட்டம் தீர்மானித்தது. 'பசுமைப் பட்டை' என்ற திட்டத்தின் பிறப்பு அது. துரிங்கியாவில் மட்டும் 763 கிலோமீட்டர் நீளம். 2018-இல் அந்த மாநிலம் அதைத் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவித்தது. கொலைக்கருவியாக இருந்த ஒரு பட்டை காப்புக்காடாக மாறியதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிலத்தைப் பறிகொடுத்துத் துரத்தப்பட்ட குடும்பங்களில் சிலர், பறவைக்குக் கிடைத்த கவனம் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

1990 ஜூன் 17 அன்று மண்வாரி இயந்திரம் வந்து மோட்லராய்ட் சுவரை இடித்தது. 1953-இல் அதே தேதியில் கிழக்கு ஜெர்மனியில் தொழிலாளர் எழுச்சி நடந்தது, தேர்ந்தெடுத்த நாள்தான். ஏறக்குறைய நூறு மீட்டர் சுவரை விட்டுவைத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே, இரண்டு நாடுகளும் சட்டப்படி இணைவதற்கு முன்னமே, அருங்காட்சியகம் தொடங்கிவிட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு இது எளிய முடிவாக இருந்திருக்காது. வெறுத்த சுவரில் கொஞ்சத்தை வாசலிலேயே வைத்துக்கொள்வது என்றால்? இருந்தாலும் சரியான முடிவு. முழுவதும் இடித்த இடங்களில் இன்று சுவர் எங்கே ஓடியது என்று சுட்டிக்காட்டக்கூட ஆள் இல்லை. இங்கே வேலி, கோபுரம், கான்கிரீட் எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கின்றன. 2015-இல் ஜெர்மன் தொலைக்காட்சியில் 'டான்பாக்' என்ற தொடர் இந்த ஊரின் கதையைத் தழுவி வந்த பிறகு கூட்டம் இன்னும் கூடியது.

இன்றைக்கு ஊர் எப்படி இருக்கிறது? எல்லை அப்படியே இருக்கிறது. மேற்கு வீட்டின் அஞ்சல் எண் 95183, கிழக்கு வீட்டின் எண் 07926. எதிர்வீட்டுக்குத் தரைவழித் தொலைபேசியில் பேச வெளியூர் எண் சேர்க்க வேண்டும். கார் எண் பலகை வேறு. பிள்ளைகள் வெவ்வேறு பள்ளிக்குப் போகிறார்கள், கோடை விடுமுறை வெவ்வேறு தேதியில் வருகிறது, ஏனென்றால் ஜெர்மனியில் கல்வி மாநிலத்தின் கையில். பவேரியக் கரையில் 'கடவுள் வாழ்த்து' என்று பொருள்படும் முகமன். துரிங்கியக் கரையில் 'நல்ல நாள்'. கொரோனா காலத்தில் கட்டுப்பாடுகளை மாநிலங்களே போட்டதால் ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம்.

விடுமுறை நாட்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். அக்டோபர் 31 லூதரின் சீர்திருத்த நாள்; துரிங்கியாவில் விடுமுறை, பவேரியாவில் வேலைநாள். மறுநாள் நவம்பர் 1 கத்தோலிக்கர்களின் அனைத்துப் புனிதர் நாள். பவேரியாவில் விடுமுறை, துரிங்கியாவில் வேலைநாள். மேற்கு மோட்லராய்டுக்காரர்கள் கத்தோலிக்கர்களா? இல்லை. பைராய்ட் சிற்றரசர்கள் லூதரைத் தழுவினார்கள் என்று சொன்னேனே, அந்த வட்டாரம் பெரும்பாலும் சீர்திருத்தச் சபைதான். ஆனால் மாநிலம் பவேரியா, அதன் நாட்காட்டி கத்தோலிக்கம். ஆக லூதரின் நாளில் லூதரின் பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டு, தங்கள் சபை கொண்டாடாத புனிதர்களின் நாளில் ஓய்வெடுக்கிறார்கள். நெப்போலியன் 1810-இல் கையெழுத்துப் போட்டதன் விளைவு இன்னும் லீவு நாளாக வந்துகொண்டிருக்கிறது.

நிலத்தைப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். கிழக்கே 1960 வாக்கில் எல்லா நிலத்தையும் கூட்டுப்பண்ணையில் சேர்த்து வரப்புகளை அழித்தார்கள். இன்றும் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே வயல். மேற்கே குடும்பப் பண்ணைகள், துண்டு துண்டாக. ஓய்வூதியக் கணக்கில் கிழக்கு மேற்கு வித்தியாசம் 2023 ஜூலையில்தான் நீங்கியது.

'இவ்வளவு தொல்லை எதற்கு, ஊரை ஒரே மாநிலத்தில் சேர்த்துவிடலாமே' என்று உங்களுக்குத் தோன்றும். ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 29-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஐம்பதாயிரம் பேருக்கு மேற்படாத பகுதியானால் இரு மாநிலங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு எல்லையை நகர்த்தலாம். ஐம்பது பேர் ஊருக்கு ஐம்பதாயிரம் வரை அனுமதி! இருந்தும் யாரும் நகர்த்தவில்லை. இதை அலட்சியம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1810 முதல் 1945 வரை அந்தக் கோடு யாரையும் வருத்தவில்லை. 1990-க்குப் பிறகும் வருத்தவில்லை. வருத்திய காலத்தில் கோடு இடம் மாறியிருக்கவும் இல்லை, அதே ஓடையில்தான் கிடந்தது. மாறியதெல்லாம் அதைத் தாண்டுகிறவனை அரசு என்ன செய்தது என்பது. பள்ளிக்கும் பீர் விடுதிக்கும் தேவாலயத்துக்கும் தாண்டலாம் என்றிருந்தால், இரண்டு அஞ்சல் எண்களோடு ஒரு ஊர் தாராளமாக வாழும். எல்லையை அழித்தால்தான் ஒற்றுமை என்று பேசுகிறவர்கள் இந்த ஐம்பது பேரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசலாம்.

உங்களில் பலருடைய பிள்ளைகள் ஜெர்மனியில் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். கெம்னிட்ஸிலோ யேனாவிலோ இருந்தால் மோட்லராய்ட் வெகுதூரமில்லை. 72-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஹோஃப், டோப்பன் என்று போட்ட வழியில் இறங்கினால் சில நிமிஷத்தில் ஊர். அடுத்த முறை பெர்லின் சுவரின் முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பினால், இங்கேயும் ஒருமுறை போகச் சொல்லுங்கள். போகும்போது சுவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், அந்த 1810-ஆம் ஆண்டுக் கல் எங்கே என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.